நாலு மணி நேரம் தொடக்கூடாது

இந்தக் கூலிங் கிளாஸைத்தானுங்க பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. கட்டடத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு இந்தப் பொம்பளைக்கு எதுக்குக் கருப்புக் கண்ணாடின்னு, வந்ததுல இருந்து நீங்க ஓரக்கண்ணுல பாக்கறது எனக்குத் தெரியாதுங்களா? இப்போதைக்கு எனக்கு ஒரு கண்ணுதான். ஆனா அது நல்லாத் தெரியும்.

கழட்டிக் காட்டறேன், பயந்துக்காதீங்க. பாத்தீங்களா? ரெப்பை பாதிக்கு மேல எறங்கிருச்சு. என்ன முக்கினாலும் தூக்க முடியாதுங்க. டீவி பாக்கோணும்னா வெரலால புடிச்சுத் தூக்கிக்கோணும். சரி, போட்டுக்கறேன். உங்க மூஞ்சியே மாறிப்போச்சு.

உங்களுக்கு எதுக்குங்க அதுக்குள்ள சுருக்கத்துக்கு ஊசி? முப்பதுகூட இருக்காது. ஓ, உங்களுக்கு இல்லீங்களா? உள்ள போயிருக்கறது உங்க தங்கச்சியா? சொந்தத் தங்கச்சிங்களா, சித்தப்பா மகளா? சொந்தம். ம். அவளுக்கு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு அப்பறம் நீங்க போட்டுக்குவீங்களாக்கும். நல்லதுங்க அம்மிணி. புத்திசாலித்தனம். நானும் அப்படித்தான் பண்ணேன்.

எனக்கு இப்படி ஆனதுக்கு என்ற தங்கச்சிதானுங்க காரணம். பூங்கொடின்னு பேரு. நான் ஆருகிட்டயும் சொல்லல. சொல்ல முடியாதுங்க, அப்படிப் பண்ணி வெச்சுட்டா. உங்களை இனிமேல் நான் பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

எங்களுக்கு அம்மா சீக்கிரம் போயிட்டாங்க. நான், பூங்கொடி, கடைசியா தம்பி லோகநாதன். லோகுவுக்கு அப்ப ஒம்பது வயசு. நான் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி பி.காம். படிச்சுட்டு இருந்தேன். படிப்பை உட்டுட்டு வர முடியுமுங்களா? பூங்கொடி பத்தாவது. அவதான் நின்னுக்கிட்டா. அவளுக்குப் படிப்பும் வராதுங்க, அது வேற விசயம். கணக்குல மட்டும் நல்லா மார்க்கு எடுப்பா. அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சலடிச்சாப் பக்கத்துல உக்காந்து... சரி, செஞ்சா. இல்லைங்கல. ஆனா ஊரே "பூங்கொடி வளத்த பையன், பூங்கொடி வளத்த பையன்"னு சொல்றாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியறதில்லை. ஒம்பது வயசுப் பையன் தானா வளர மாட்டானுங்களா?

எனக்குத் திருப்பூர்ல பெரிய எடம். எங்கூட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனி. அவளை உள்ளூர்லயே ரெண்டு வீதி தள்ளித் தறி ஓட்டற வீட்டுல குடுத்தாங்க. லோகு அதுக்கப்பறமும் அவ வீட்டுலதான் சோறு திம்பான்.

லோகுவுக்குப் பொண்ணு கெடைக்கலீங்க. எங்காளுகள்ல பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கறது என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும். பத்து வருசம் அலைஞ்சோம். முப்பத்தொம்பது வயசுல, தாராபுரத்துப் பக்கம் ஒரு டீச்சர் புள்ளை, ஒத்துக்கிச்சு. ஊர்ல பாதிப்பேரு நம்பவே இல்லை.

கல்யாணம்னா எங்கள்ல இணைச்சீர்னு ஒண்ணு உண்டுங்க. நீங்க வேற ஆளுகளா? அப்பச் சொல்றேன். மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கச்சியோ ஒருத்திதான் செய்யோணும். நகையெல்லாம் பூட்டி, பூ வெச்சு, கல்யாணப் பொண்ணாட்டம் சிங்காரிச்சு சபைக்குக் கூட்டிட்டு வருவாங்க. கூறைச்சேலையோட ஒரு தலைப்பு தம்பிகிட்ட, மறு தலைப்பு அவ கையில. அத்தனை சனமும் அவளைத்தான் பாக்கும். போட்டோ, வீடியோ எல்லாம் அவ மேலதான். ஒருத்திதானுங்க செய்ய முடியும். ரெண்டு பேரு செய்ய முடியாது.

மூத்தவ நான் இருக்கறேன். கேட்கவே வேண்டாம்னு இருந்தேன். இந்த லோகு, வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முந்தின நாளு, எல்லார் முன்னாடியும் சொல்றான், "இணைச்சீரை சின்னக்கா செய்யட்டும்"னு. நான் என்ன பண்ணேன் தெரியுமுங்களா? சிரிச்சேன். "அதுக்கென்ன சாமி, நல்லாச் செய்யட்டும்"னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். வேற எவளாவது இருந்தா அங்கயே எந்திரிச்சுப் போயிருப்பா.

அடுத்த நாளு பொண்ணு வீட்டுல, அந்தப் புள்ளையோட பெரியம்மா பூங்கொடியைப் பாத்து, "நீங்க மாப்பிள்ளைக்கு அம்மாங்களா?"ன்னு கேட்டுருச்சு. அம்மா இல்லாத பையன்னு அதுக்குத் தெரியாது போல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அடக்கினேன். கொஞ்சம் வெளிய வந்துருச்சு. ஆனா அது கேட்டதுல தப்பில்லை. நெத்தியில இங்கிருந்து அங்க வரைக்கும் கோடு. புருவத்துக்கு நடுவுல ரெண்டு குழி. தறிச் சத்தத்துல இருபத்தஞ்சு வருசமா மூஞ்சியைச் சுளிச்சுச் சுளிச்சு அப்படி ஆயிருச்சு.

எனக்கு அவ மேல எரக்கம்தானுங்க வந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், "ஏம்புள்ள, சபையில நின்னா ஆல்பத்துல உன்னை மாப்பிள்ளையோட ஆத்தான்னுதான் சொல்லுவாங்க. கோயமுத்தூர்ல ஒரு எடம் எனக்குத் தெரியும், ஊசி போட்டா ஒரே வாரத்துல கோடெல்லாம் போயிரும். என் கூட வா, நான் பாத்துக்கறேன்"னு. எனக்கும் போட்டுக்கோணும்னு ஆசைதான். ஆனா மூஞ்சியில ஊசின்னா பயமா இருக்காதுங்களா? அவளுக்கு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு... அதான் உங்ககிட்டச் சொன்னேனே, புத்திசாலித்தனம்னு.

அவ வேண்டாம்னா. "எதுக்கக்கா, இந்த மூஞ்சி லோகுவுக்குப் பழக்கம்தான"ன்னா. நான் விடல. "உனக்காக இல்லைடீ, அவனுக்காக. பொண்ணு வீட்டாளுக முன்னாடி அவனுக்குக் கௌரவமா இருக்க வேண்டாமா"ன்னேன். லோகுன்னு சொன்னாப் போதும், அவ கெணத்துலகூடக் குதிப்பா.

கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப, இதே எடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். இதே நாக்காலி. நீங்க உக்காந்திருக்கற எடத்துல நான் உக்காந்திருந்தேன். அந்தா, உள்ள நடக்குது பாருங்க, அதே நர்சம்மா. ஊசி போட்டு முடிச்சதும் வெளிய வந்து ஒரு காகிதம் குடுத்துச்சு. "அக்கா, இதுல எல்லாம் இருக்குது, படிச்சு அவங்களுக்குச் சொல்லிருங்க"ன்னுச்சு. முழுக்க இங்கிலீசு. பூங்கொடிக்கு என்ன தெரியும்? நான் வாங்கிப் படிச்சு மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன்.

படிச்சேன்தானுங்க. படிச்சா ஞாபகம் இருக்கோணுமுங்களா? அதுல ஒண்ணும் பெருசா இல்லை. நாலு மணி நேரம் நெத்தியைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது, படுக்கக்கூடாது, குனியக்கூடாது. அவ்வளவுதான் இருந்துச்சு.

இங்கிருந்து நேரா லோகு வீட்டுக்குப் போனோம். பந்தல்காரன் வந்திருந்தான். பூங்கொடி தலை வலிக்குதுன்னா. ஊசி குத்துனா வலிக்கத்தான செய்யும்? எனக்குப் பாவமா இருந்துச்சு. எண்ணெயை இளஞ்சூடாக் காய்ச்சிக் கொண்டுவந்து, "வாடி, மடியில படு"ன்னேன். ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். படுத்தா. கட்டை வெரலு ரெண்டையும் புருவத்து மேல வெச்சு நல்லா அமுத்தி, கீழ கீழ இழுத்து விட்டேன். அரை மணி நேரம் இருக்கும். என் வெரலெல்லாம் வலிச்சுப்போச்சுங்க, அத்தனை அக்கறையாத் தேச்சேன். லோகு வந்து நின்னு பாத்துட்டு, "பெரியக்கா இப்படிப் பண்ணி நான் பாத்ததே இல்லையே"ன்னான். அவனுக்கு அத்தனை சந்தோசம். பூங்கொடி கண்ணை மூடிக்கிட்டே அழுதா. "அம்மா போனதுக்கப்பறம் என் தலையில ஆரும் கை வெச்சதில்லைக்கா"ன்னா.

இதையெல்லாம் இப்ப நெனைச்சுப் பாக்கறாளா? இல்லைங்க.

அஞ்சாம் நாளு காத்தால போன் பண்றா. "அக்கா, வலது கண்ணு தொறக்க மாட்டேங்குது." நான் போய்ப் பாத்தா, அய்யோ, அந்தக் கோலத்தை நீங்க பாக்கோணும். நெத்தி மட்டும் கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்குது. கீழ ஒரு கண்ணு அரைத் தூக்கத்துல தொங்குது. கண்ணடிக்கறாளா தூங்கறாளான்னு தெரியல. நெத்தி நல்லா வந்திருக்குதுடீன்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

மறுபடி இங்க கூட்டிட்டு வந்தேன். டாக்டரு பாத்துட்டு, "மருந்து கீழ எறங்கிருச்சு, தானா ரெண்டு மூணு மாசத்துல சரியாயிரும், சொட்டு மருந்து போடுங்க"ன்னாரு. கல்யாணத்துக்கு ரெண்டே வாரம். அப்பத்தான் அந்த நர்சு கேக்குது, "ஊசி போட்ட அன்னைக்கு நெத்தியைத் தேச்சீங்களா? தேய்க்கக்கூடாதுன்னு எழுதியே உங்க அக்காகிட்டக் குடுத்தேனே."

பூங்கொடி என்னைப் பாத்தா. அந்த நல்ல கண்ணால. நான் பையில சில்லறை தேடற மாதிரி தேடிட்டு இருந்தேன். அப்பறம் அவ நர்சுகிட்டத் திரும்பி, "அக்கா சொன்னாங்க. நான்தான் மறந்துபோய் நானே தேச்சுட்டனுங்க"ன்னா.

கேட்டுக்கிட்டீங்களா? அவளே சொன்னா. என் காதால கேட்டேன். அவளே தேச்சுட்டேன்னு ஒத்துக்கிட்டதுக்கு அப்பறம் என்னை ஆரும் என்ன சொல்ல முடியும்?

எதுக்கு எறங்குச்சுன்னு தெரிஞ்சுபோச்சில்லீங்களா, எனக்கும் பயம் போயிருச்சு. வந்தது வந்தோம்னு அன்னைக்கே நானும் போட்டுக்கிட்டேன். திரும்பிப் போறப்பக் காருல அவ பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு வந்தா. "சாஞ்சுக்கக்கா, களைப்பா இருக்கே"ன்னா. வேண்டாம்னேன். பொட்டு நகந்திருக்குதுன்னு கையைக் கொண்டுவந்தா. "தொடாத!"ன்னு கத்திட்டேன். டிரைவரே திரும்பிப் பாத்தான். கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. எங்க ஊரு சோமனூரு வர்ற வரைக்கும் சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தா. நான் நெட்டுக்குத்தலா உக்காந்திருந்தேன். முதுகு ஒடிஞ்சுபோச்சு.

எறங்கறப்ப நான்தான் பேச்செடுத்தேன். எப்படியும் ஆராவது சொல்லித்தான ஆகோணும்? "பூங்கொடி, இந்தக் கண்ணோட நீ சபையில நின்னா, பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாங்க? குடும்பத்துல வாதம் இருக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களா? பத்து வருசம் கழிச்சு அவனுக்கு ஒண்ணு அமைஞ்சிருக்குது, அதைக் கெடுக்கோணுமா?"ன்னேன். உண்மையைத்தானுங்க சொன்னேன். லோகுகிட்ட அவளே போய், "ஊசி எனக்கு ஒத்துக்கல சாமி, அக்கா செய்யட்டும்"னு சொல்லிட்டா. அவன் ரெண்டு நாளு சோறு திங்கல. சின்னக் கொழந்தையா அவன்? முப்பத்தொம்பது வயசு.

நான் செஞ்சேன் இணைச்சீரு. அரக்குப் பட்டு, ஆரம், ஒட்டியாணம், அத்தனையும் பூட்டிக்கிட்டேன். நெத்தியில ஒரு கோடு கெடையாது. பொண்ணு வீட்டுப் பொம்பளைக, "மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?"ன்னு கேட்டாங்கன்னாப் பாருங்களேன்.

ஆனா வீடியோ வந்துச்சு. கூறைச்சேலையைப் புடிக்கறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, சத்தியமா. அம்மா நெனைப்பு வந்துச்சு. ஆனா மூஞ்சி அசையவே இல்லை. பாக்கறவங்களுக்கு, கடையில சேலைக்கு நெறம் பாத்துட்டு நிக்கறவளாட்டம் இருக்குது. அதுகூடப் பரவால்லை. இந்த லோகு இருக்கான் பாருங்க, தலைப்பு ஒண்ணு அவன் கையில, இன்னொண்ணு என் கையில, அவன் என்னைப் பாக்கவே இல்லை. எல்லாப் போட்டோவுலயும் அவன் மூஞ்சி ஸ்டோர் ரூம் பக்கமாத்தான் இருக்குது. அவ அங்கதான் தேங்காய் எண்ணிக் குடுத்துட்டு இருந்தா. சபைக்கு வரலை. போட்டோக்காரன் மேல சண்டைக்குப் போனேன். "உங்க தம்பியை நான் எத்தனை தடவைங்க கூப்புடறது"ன்னுட்டான்.

மூணு மாசத்துல அவ கண்ணு சரியாப்போச்சு. டாக்டரு சொன்னது சொன்னபடி. கோடும் திரும்பி வந்துருச்சு, பழைய மூஞ்சியே வந்துருச்சு. ஒண்ணும் நட்டமில்லை பாருங்க. என்னோட பேசறா, நல்லாத்தான் பேசறா. சாப்டியாக்கா, மச்சான் எப்படியிருக்காரு. பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசற மாதிரி.

எனக்கு அந்த ஊசியோட வேகம் நாலு மாசத்துல எறங்குச்சு. மறுபடி போடோணும். போன மாசம் அவளே போன் பண்ணா. "அக்கா, எப்ப ஊசி போடப் போற?"ன்னா. வெள்ளிக்கெழமைன்னேன். "அப்ப அன்னைக்கே லோகு வீட்டுக்கு வந்துரு, ஆடி விருந்து வெச்சிருக்கறோம், எல்லாரும் இருக்கோம்"னா. ஆசையாக் கூப்புடறாளேன்னு போனனுங்க. இங்கிருந்து நேரா.

சோறு தின்னு முடிச்சோம். லோகு, அவன் பொண்டாட்டி, எல்லாரும் உக்காந்திருக்கோம். பூங்கொடி உள்ள போய்க் கிண்ணத்தோட வந்தா. எண்ணெய். ஆவி பறக்குது. "வாக்கா, மடியில படு, எண்ணெ வெச்சு உடறேன்"னா. நான் மணியைப் பாத்தேன். ஊசி போட்டு ரெண்டு மணி நேரம்.

நான் வேண்டாம்னேன். இந்த லோகு இருக்கானே, "படு பெரியக்கா. அன்னைக்கு நீ சின்னக்காவுக்கு வெச்சு விட்டியே, நான் என் பொண்டாட்டிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா"ங்கறான். அந்தப் புள்ளையும் சிரிச்சுக்கிட்டே பாக்குது.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது? ஊசி போட்ட அன்னைக்கு நெத்தியைத் தொடக்கூடாதுன்னு சொன்னா, லோகு அடுத்து என்ன கேப்பான்? அன்னைக்கு உனக்குத் தெரியாதான்னு கேப்பானில்லீங்களா? அவனுக்கு எல்லாம் சொல்லித்தான் புரியோணும்னு இல்லை. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. போயிட்டான்னா போயிட்டான்.

படுத்தேன்.

நல்லாத்தானுங்க தேச்சா. நான் எப்படித் தேச்சேனோ அப்படியே. கட்டை வெரலு ரெண்டும் புருவத்து மேல. அமுத்திக் கீழ, அமுத்திக் கீழ. "வலிக்குதாக்கா? போதும்னா சொல்லு, நிறுத்திக்கறேன்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "வேண்டாம்னா சொல்லிருக்கா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னா. லோகு கட்டில்ல உக்காந்து பாத்துட்டு இருக்கான். மூணாவது தடவை குனிஞ்சு காதுக்கிட்ட வந்து கேட்டா, "சொல்ல மாட்டியாக்கா?"ன்னு. அவ கண்ணுல இருந்து ஒரு சொட்டு என் கன்னத்துல விழுந்துச்சு. அவ எதுக்குங்க அழுவோணும்? கண்ணு போகப் போறது எனக்கு!

"நல்லா இருக்குது, தேய்யி"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது.

அரை மணி நேரம் தேச்சா. அப்பறம் கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்பறம் போன் பண்ணவே இல்லை. நான் பண்ணாலும் எடுக்கறதில்லை. இத்தனை வன்மத்தை மனசுல வெச்சிருந்தவ கூடப் பொறந்திருக்கேன் பாருங்க. ஒரே வயித்துல பொறந்தவளுக்கு எப்படிங்க மனசு வரும்?

இருங்க, என்னைத்தான் கூப்புடறாங்க. சாந்தாமணி, நான்தான். இந்த நர்சு கேக்கும், தேச்சீங்களான்னு. நானே மறந்து தேச்சுட்டேன்னு சொல்லிக்குவேன். நம்பும். போன தடவையும் நம்புச்சு.

அந்தா, உங்க தங்கச்சி வெளிய வந்துட்டா. சிரிக்கறா பாருங்க, நல்ல புள்ளை. ஏனுங்க அம்மிணி, அந்தக் காகிதத்துக்கு நீங்க எதுக்குக் கையை நீட்டறீங்க? வாங்காதீங்க. அவ கையிலயே குடுக்கச் சொல்லுங்க.